எனக்கு வராத அம்மாள் வருத்தம்

போன மாதம் ஒரு மாலை, மகள் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கைபேசியைப் பார்த்தபடி நின்றாள். "அம்மா, எங்கட திணைக்களத்தையும் அத்தியாவசிய சேவை எண்டு வர்த்தமானி அடிச்சிட்டாங்கள். நாளைக்கு ஸ்ட்ரைக். நான் ஒரு மெடிக்கலைப் போட்டிட்டு வீட்டில நிண்டா என்ன?" என்று கேட்டாள்.

"உன்ர விருப்பம்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். மறுநாள் அவள் மெடிக்கல் போடவில்லை. சங்கத்து ஆட்களோடு போய் வெயிலில் நின்றுவிட்டு முகம் கறுத்து வந்தாள். இரண்டு நாளில் பேச்சுவார்த்தை நடந்து அது முடிந்தும் போயிற்று. எனக்குத்தான் முடியவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடி வீட்டில் இருந்துகொண்டு, ஒன்பது வயதில் கொட்டாஞ்சேனை வீட்டில் ஒரு கட்டிலோடு கிடந்த பதினான்கு நாட்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கும் என்னைப்போல ஐம்பது தாண்டியிருக்கும். அந்த வருடங்களைப் பற்றிக் கதைக்கச் சொன்னால் நாம் எல்லோரும் எண்பத்து மூன்றின் அந்த ஆடி மாதத்துக்குத்தான் ஓடிப் போகிறோம். எரிந்த வீடு, அகதி முகாம், யாழ்ப்பாணத்துக்குப் போன கப்பல். அதை எழுத வேண்டியவர்கள் எழுதியாயிற்று, நானும் என் பங்குக்கு அழுதாயிற்று. நான் சொல்லப்போவது அதற்கு மூன்று வருடம் முந்தியது. அப்போது எங்கள் வீட்டை யாரும் எரிக்கவில்லை. அரசாங்கம் தன்னுடைய லிகிதர்களையும் பியோன்மாரையும் ஒரே மாதத்தில் ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பியது. அதைப் பற்றி நாம் அதிகம் கதைப்பதில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு கைவண்டி வந்தால் மற்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், வாசற்படி நேரே ஒழுங்கைக்குள் இறங்கும். காலையில் பெரிய கோயில் மணி, அதற்குப் பிறகு பாண்காரன், அதற்கும் பிறகு துறைமுகத்தில் ஏதாவது ஒரு கப்பல் கூவும். காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் கருவாடும் கொப்பராவும் கலந்து மணக்கும். யார் வீட்டுச் சட்டியில் என்ன பொரிகிறது என்பது முழு ஒழுங்கைக்கும் தெரியும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

அப்பா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் லிகிதர், கடிதமும் பைலும் எழுதும் வேலை. எதிர்வீட்டு அங்கிளும் அதே கந்தோர், அடுத்த மேசை. அங்கிள் சிங்களவர், ஆனால் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அப்பா யோசித்து யோசித்து ஒரு வசனம் சொல்லி முடிக்குமுன் அங்கிள் தமிழில் நாலு வசனம் சொல்லிவிடுவார். கந்தோரில் சங்கக் கிளையின் செயலாளரும் அவர்தான். சனிக்கிழமை பின்னேரங்களில் அவர் வீட்டுத் தகரப் பீப்பாயை ஒழுங்கையில் உருட்டி வந்து நிறுத்துவார், அப்பா எங்கள் கெரம் போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். போரிக் பவுடர் அப்பாவின் சாரமெல்லாம் வெள்ளையாக அப்பியிருக்கும். தோற்றால் போர்ட் சரியில்லை என்பார் அங்கிள். வென்றால் போர்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது பெரும்பாலும் அந்தப் பீப்பாய்க்குப் பக்கத்தில்தான்.

அந்த வருடம் சாமான் விலை கிழமைக்குக் கிழமை ஏறியது. பெரியவர்கள் ஜனாதிபதியைப் பற்றிக் கதைத்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சங்கங்கள் ஊர்வலம் போனால் ஆளுங்கட்சிச் சங்கத்தின் ஆட்கள் பஸ்ஸில் வந்து இறங்கி சைக்கிள் சங்கிலியால் அடிப்பார்கள், பொலிஸ் நின்று பார்க்கும். ஒருநாள் அங்கிள் காதுக்கு மேலே தையலோடு வந்தார். அந்தச் சனிக்கிழமை அப்பா தையலைப் பார்த்துப் பார்த்தே சிவப்புக் காயைத் தவறவிட்டார்.

பிறகு சம்பளம் கூட்டித் தரச்சொல்லி நாடு முழுக்க வேலைநிறுத்தம் என்று முடிவாயிற்று. அங்கிள் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து போர்ட்டின் மேலேயே விரித்தார். முதலாவது கையெழுத்து அவருடையது.

"மச்சான், நீ ரெண்டாவது வைச்சா மத்தவன் எல்லாம் வைப்பான். ஒனக்கு பயம் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே" என்றார்.

அப்பா சிரித்துக்கொண்டே இரண்டாவது கையெழுத்தை வைத்தார். அவர் கையெழுத்து அழகானது. பேனையை எடுத்தபிறகு ஊதிக் காயவிட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வேலைநிறுத்தத்துக்கு முதல் நாள் பின்னேரம் வானொலியில் அறிவித்தல் வந்தது. எல்லா அரசாங்கக் கந்தோர்களும் இனி அத்தியாவசிய சேவை, நாளை வேலைக்குச் சமுகம் தராதவர்கள் தாங்களாகவே வேலையை விட்டு விலகியதாகக் கருதப்படுவார்கள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு அப்படியே நின்றது.

"கேட்டியளே?"

"கேட்டனான்" என்றார் அப்பா.

"என்ன செய்யப் போறியள்?"

"கையெழுத்து வைச்சனான். இனிப் பின்வாங்கேலாது."

"கையெழுத்து வைச்சது நீங்கள். தின்னுறது நாங்கள் நாலு பேர். சிங்களவன் ஸ்ட்ரைக் பண்ணினா நாளைக்கு மன்னிப்புக் கேட்டு உள்ளுக்குப் போயிடுவான். எங்களை எடுப்பினமே? இதுதான் சாட்டெண்டு தள்ளி விட்டிடுவினம்."

அம்மா சொன்னதை மறுத்துச் சொல்ல எங்கள் சனத்தில் அன்றைக்கு ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். அது எவ்வளவு பெரிய பிழைக் கணக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. யாரையும் திரும்ப எடுக்கவில்லை, சிங்களவனோ தமிழனோ.

அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு வேறு குரலில் கேட்டார். "வீட்டில பிள்ளையளுக்குத் தொற்று வருத்தம் எண்டா கந்தோருக்கு வரக்கூடாதெல்லே?"

"ஓம். அதுக்கெண்டு லீவிருக்கு. மெடிக்கல் குடுத்தா பதினாலு நாள்." லீவு பைல்கள் அப்பாவின் மேசைக்குத்தான் வரும். கேட்ட கேள்விக்கு லிகிதர் மாதிரிப் பதில் சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் எதற்குப் பதில் சொன்னோம் என்று விளங்கி அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு வைக்குமுன் எல்லாம் நடந்துவிட்டது. பெரிய தெருவில் டிஸ்பென்சரி வைத்திருந்த டொக்டர் அம்மாவுக்குத் தூரத்து உறவு. எனக்குக் கொப்பளிப்பான், அதாவது அம்மாள் வருத்தம், என்று எழுதி, சீல் குத்திக் கொடுத்துவிட்டார். ஆறு வயதுத் தம்பிக்கு வாய் நிற்காது. அவனை அன்றைக்கே வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். கோயில் வீதியில் முறித்த வேப்பிலைக் கொத்தை அம்மா விடியற்காலையில் வாசல் நிலையில் கட்டினார். கட்டும்போது ஏதோ முணுமுணுத்தார். மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

உங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியாது, ஊசி வந்த பிறகு பிறந்தவர்கள். எங்கள் காலத்தில் அம்மாள் வருத்தம் வந்த வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கினால் வெளியார் படி ஏறமாட்டார்கள். சிங்களவர்களுக்கும் அப்படித்தான். அவர்களும் அதைத் தெய்வத்தின் நோய் என்றுதான் சொல்வார்கள்.

காலையில் அங்கிள் வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, "மச்சான், போவமா?" என்று வந்தார். வேப்பிலையைக் கண்டதும் படியில் வைத்த காலை எடுத்துவிட்டார். கை இரண்டும் தானாகக் குவிந்தன.

அப்பா ஜன்னலுக்குப் பின்னால் நின்று, "பிள்ளைக்கு அம்மாள் வருத்தம்" என்றார். அந்த மூன்று சொல்லைச் சொல்ல அவருக்கு அவ்வளவு நேரம் எடுத்தது.

"அய்யோ. நீ வர வாணாம் மச்சான். பபாவைப் பாரு. நான் எல்லாருக்கும் சொல்றன்." என்னைப் பபா, பிள்ளை, என்றே கூப்பிடும் அங்கிள் எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போனார். அப்பா அந்த இடத்திலேயே, வெளியே ஒருவரும் இல்லாத ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பொய்யைச் சொல்வது சுலபம், அதை வளர்ப்பதுதான் பாடு. அம்மாள் வந்த வீட்டில் பொரிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. ஒழுங்கைக்கு மணம் போய்விடும் என்பதால் அம்மா அதை ஒரு நாளும் மீறவில்லை. பதினான்கு நாளும் அவித்த மரக்கறி, சொதி, பழஞ்சோறு. அப்பா சவரம் செய்யவில்லை. என்னை வெள்ளை வேட்டி விரித்த கட்டிலில் வேப்பிலைக்கு நடுவே படுக்கவைத்தார்கள். வருத்தம் இல்லாத உடம்பில் வேப்பிலை ஊசி ஊசியாகக் குத்தும். ஓட்டில் இருந்த கண்ணாடித் துண்டால் வெயில் உள்ளே விழுந்து, காலை முழுக்கச் சுவரில் நகர்ந்து அலுமாரி வரை போகும். அதைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பள்ளிக்கூடம் இல்லை, ஜன்னல் பக்கம் போகக்கூடாது, சத்தமாகச் சிரிக்கக்கூடாது. போனால் தோலை உரிப்பேன் என்று அம்மா சொல்லியிருந்தார். அம்மா சொன்னால் செய்கிறவர்.

ஒன்றுவிட்ட ஒருநாள் அங்கிள் படியடியில் இரண்டு தம்பிலி இளநீர் வைத்துவிட்டுப் போவார். உடம்புச் சூட்டுக்கு நல்லது. அதைக் குடிக்கச் சொல்லி அம்மா தருவார், அப்பா எழுந்து பின்பக்கம் போய்விடுவார்.

இரண்டாம் கிழமை தொடக்கத்தில் தபால்காரன் அங்கிளுக்குக் கடிதம் கொண்டுவந்தான். வேலையை விட்டு விலகியதாகக் கருதப்படுகிறீர் என்ற கடிதம். அவர் அதை ஒழுங்கையில் நின்றபடியே வாசித்தார். நாலாக மடித்தார், பிறகு விரித்து இன்னொருமுறை வாசித்தார். உள்ளே போன பிறகு அவர் மனைவி அன்ரியின் குரல் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. அப்பா ஜன்னல் பலகை இடுக்கால் எல்லாவற்றையும் பார்த்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அதற்கு அடுத்த நாள் அம்மா சந்தைக்குப் போயிருந்தார், அப்பா பின்னால் குளித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கால் உளைந்தது. அலுமாரிக்குக் கீழே கிடந்த கயிற்றை எடுத்து முன்னறையில் சுழற்றிச் சுழற்றித் துள்ளினேன். பத்து, இருபது என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு. ஜன்னல் பலகையில் ஒன்று சரியாக மூடவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

நிமிர்ந்தபோது அந்த இடைவெளியில் அங்கிளின் கண்கள் இருந்தன. கையில் இளநீர்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு பரு கூட இல்லாத முகம். கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார். எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் வந்ததைக் கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன். வேலையை இழந்தவன் ஒருவன், தன்னோடு கையெழுத்து வைத்தவனின் வீட்டுக்குள் இப்படி ஒன்றைக் கண்டால் அவன் முகம் எப்படிப் போகும் என்பது ஒன்பது வயதுக்கு விளங்காது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர், "சுகமா பபா?" என்றார்.

"ஓம் அங்கிள்."

"அப்பாக்குச் சொல்ல வாணாம், நான் பாத்த எண்டு." இளநீரை மெதுவாகப் படியடியில் வைத்துவிட்டு, கைவிட்டு அந்த ஜன்னல் பலகையைத் தானே இழுத்து மூடினார்.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா தோலை உரித்திருப்பார். அங்கிள் சொல்லும்வரை காத்திருந்தேன். அன்று சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கந்தோரிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

இரண்டு பேர். ஒருவர் குடையும் பைலும் வைத்திருந்த அதிகாரி, மற்றவன் ஆளுங்கட்சிச் சங்கத்து ஆள். வேப்பிலையைக் கண்டு இருவரும் படிக்குக் கீழேயே நின்றார்கள். அம்மா தன் அரைகுறைச் சிங்களத்தில், "பபாட்ட அசனீபய்" என்று, பிள்ளைக்குச் சுகமில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"இந்தக் கிழமைதான் எல்லார் வீட்டிலும் தெய்வத்தின் நோய் வந்திருக்கிறது, அதுவும் வேலைநிறுத்தத்தன்று காலையில்" என்றான் சங்கத்து ஆள் சிங்களத்தில். "ஜன்னலைத் திற. பிள்ளையைக் காட்டு."

காற்றுப் படக்கூடாது என்று அம்மா சொன்னார். நான் வேட்டியைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டேன். அப்பா உள் கதவின் நிலையைப் பிடித்தபடி நின்றார், இரண்டு கிழமைக்குள் பத்து வயது கூடினவர் போல. அவர் வெளியே போயிருக்கலாம். போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். போகவில்லை.

அங்கிள் தன் வீட்டுப் படியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கத்து ஆள் அவர் பக்கம் திரும்பினான். ஆளை அவனுக்குத் தெரியும், அந்தக் காது தையலும் தெரிந்திருக்கும்.

"நீ சொல். நேரெதிரே இருக்கிறாய். உன்னைத் தெருவில் விட்டுவிட்டு இவன் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறான். உண்மையைச் சொன்னால் உன்னுடைய கடிதத்தைப் பற்றி மேலிடத்தில் கதைக்கலாம்."

அதிகாரி நிலத்தைப் பார்த்தார். ஒழுங்கையில் அக்கம்பக்கத்து ஆட்கள் கதவோரங்களில் நின்றார்கள். அங்கிள் எழுந்து சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து வரும் செருப்புச் சத்தம் எனக்கு வேட்டிக்குள்ளேயே கேட்டது. சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரை நான் அந்த ஒரு நிமிடம் வெறுத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

"நான் என் கண்ணால் பார்த்தேன்" என்றார் அங்கிள் சிங்களத்தில். "பிள்ளையின் முகத்தில் கடுகு வைக்க இடமில்லை. உனக்குச் சந்தேகம் என்றால் கதவு திறந்துதான் கிடக்கிறது, போய்ப் பார். உன் வீட்டிலும் பிள்ளைகள் இருக்குந்தானே."

ஒருவரும் படி ஏறவில்லை. அதிகாரி பைலைத் திறந்து ஏதோ எழுதி, சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். அங்கிள் எங்கள் சுவரில் பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டார். சங்கத்து ஆள் அவரிடம், "இனி நீ கந்தோர்ப் பக்கமே வரத் தேவையில்லை" என்றான். அங்கிள் பேனையை அதிகாரியிடம் திருப்பிக் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு அப்பா சுவரோடு வழுக்கி நிலத்தில் உட்கார்ந்தார். "அவன் நம்பியிருக்கிறான்" என்று அம்மாவிடம் சொன்னார். "என்னை நம்பித்தான் அவன் சத்தியம் பண்ணிற மாதிரிச் சொன்னவன்." அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதார். நான் வேட்டிக்குள் கிடந்தேன். அங்கிள் நம்பவில்லை, என்னைப் பார்த்தவர் என்று ஒரு வார்த்தை என் வாய்க்குள் இருந்தது. சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும். அவ்வளவுதான் விழுந்திருக்கும்.

பதினான்காம் நாள் அம்மா மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் எனக்கு முழுக்கு வார்த்தார். ஒரு முறையும் தவறவிடாமல், பொங்கிப் படைத்து, உண்மையாகவே நான் பிழைத்து எழும்பினவள் போல. மறுநாள் அப்பா சவரம் செய்துகொண்டு கந்தோருக்குப் போனார். அடுத்த மேசையில் வேறு ஆள் இருந்தான். இரண்டாவது கையெழுத்து வைத்தவருக்கு வேலை இருந்தது, அந்தப் பேப்பரில் மற்றக் கையெழுத்துக்காரர் பலருக்கு இல்லை. அப்பாவைப் பார்த்துக் கையெழுத்து வைத்தவர்கள் அவர்கள்.

அந்தச் சனிக்கிழமை அங்கிள் பீப்பாயை உருட்டி வந்து ஒழுங்கையில் நிறுத்தினார். அதன் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். அப்பா உள்ளே இருந்தார். "போங்கோவன்" என்றார் அம்மா. "எந்த முகத்தோட போறது? ஒண்டும் தெரியாத மனுசன், நான் ஏமாத்தினவன்" என்றார் அப்பா. இருட்டிய பிறகு அன்ரி வந்து பீப்பாயை உள்ளே உருட்டிக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமையும் பீப்பாய் வந்தது. அதற்கு அடுத்ததற்கும். பிறகு வரவில்லை.

அங்கிள் வீட்டில் பழைய பேப்பரில் பை ஒட்டத் தொடங்கினார்கள். கோதுமை மாப் பசையின் புளிப்பு மணம் அந்தப் பக்கமே வீசும். அப்பா கந்தோருக்கு வேளைக்கே போய், மற்ற ஒழுங்கையால் சுற்றி, பிந்தி வந்தார். எதிர் எதிர் வாசல், எட்டடி தூரம். அந்த எட்டடியில் இரண்டு பேரும் ஆறேழு மாதம் ஒருவரை ஒருவர் காணாமல் சீவித்தார்கள். பிறகு ஒருநாள் அங்கிளின் சாமான்களை லொறியில் ஏற்றினார்கள், அன்ரியின் ஊருக்குப் போகிறார்களாம். நான் படியில் நின்றேன்.

"அப்பா எங்க பபா?"

"கந்தோர்."

அங்கிள் எங்கள் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் தலையில் கை வைத்துவிட்டு லொறியில் ஏறினார். சொல்ல வேண்டாம் என்றாரே, அது எத்தனை நாளைக்கு என்று நான் கேட்டிருக்கலாம்.

அடுத்த வருடம் எனக்கு உண்மையாகவே கொப்பளிப்பான் வந்தது. ஒருமுறை வந்தவளுக்கு இரண்டாம் முறை எப்படி வரும் என்று ஒழுங்கை கேட்கும் என்பதால் அம்மா வேப்பிலை கட்டவில்லை, டொக்டரிடமும் காட்டவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே இருந்தார். அம்மாள் கணக்குத் தீர்க்கிறாள் என்று அவர் கடைசிவரை நம்பினார். எனக்குக் கன்னத்தில் ஒரு தழும்பு மட்டும் மிஞ்சியது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கும் நடந்ததுதான். ஆடிக்குப் பிறகு கொட்டாஞ்சேனையை விட்டு வெள்ளவத்தைக்கு வந்தோம். அப்பா பிரதம லிகிதராகிப் பென்ஷன் எடுத்தார். தொண்ணூறுகளின் நடுவில் அன்ரி சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அங்கிள் பலகை விற்கும் ஒரு மரக்காலையில் காவலாளியாக இருந்து, நெஞ்சு வருத்தத்தில் காலமாகிவிட்டார். அப்பா தனியே பஸ் ஏறிப் போய் பிக்குமாருக்குக் கொடுக்கும் ஏழாம் நாள் தானத்தில் இருந்துவிட்டு வந்தார்.

வந்து சேர்ட்டைக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார். "உன்னைத்தான் கேட்டவ" என்றார். "அவன் சாகுமட்டும் உன்னை விசாரிப்பானாம். அந்தப் பிள்ளைக்கு முகத்தில அடையாளம் ஏதும் நிண்டுதோ தெரியேல்லையே எண்டு அவவிட்டச் சொல்லிச் சொல்லிக் கவலைப்படுவானாம்." அப்பா என் கன்னத் தழும்பைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கட்டிய மனைவியிடம்கூட அங்கிள் சொல்லவில்லை. பதினைந்து வருடம், அவர்கள் பசை கிண்டிய குசினிக்குள்ளும், அப்பாவைக் காப்பாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். அப்பா அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டார். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, அடிக்குப் பயப்படும் வயது இல்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா என்னைப் பார்க்கும் பார்வைக்குப் பயந்தேன். சனிக்கிழமைகளில் அந்தப் பீப்பாய் யாருக்காகக் காத்திருந்தது என்று அவர் கணக்குப் பார்ப்பார். எட்டடி நடந்திருந்தால் போதும் என்று அவருக்கு விளங்கும்.

கடைசியாகச் சொல்ல நினைத்தது இரண்டாயிரத்து இருபத்திரண்டில், அந்தப் போராட்ட வருடத்தில். அப்பாவுக்கு எண்பது தாண்டி, கண் பார்வை மங்கிவிட்டது. இனியும் வைத்திருந்தால் என்னோடுதான் போகும், அவர் தெரிந்துகொண்டு போகட்டும் என்று முடிவெடுத்திருந்தேன். ஒரு பின்னேரம், கரண்ட் இல்லை, பல்கனியில் இருவரும் இருந்தோம். கீழே காலி வீதியில் பெற்றோல் வரிசை கல்கிசைப் பக்கம் வரை நீண்டிருந்தது. அதற்குள்ளால் பெடியன்களும் பெட்டைகளும் கோஷம் போட்டுக்கொண்டு காலிமுகத்திடல் பக்கம் நடந்து போனார்கள்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"ஜனாதிபதியை வீட்டுக்குப் போகச் சொல்லுகினம்."

அப்பா காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "அவன் இருந்திருந்தா இப்ப முன்னுக்கு நிண்டிருப்பான்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கத் தேவையில்லை.

"அப்பா" என்று தொடங்கினேன்.

அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "நாப்பது வருசமா ஒண்டை நினைச்சுத்தான் பிள்ளை நான் நித்திரை கொள்ளுறனான். நான் செய்தது அவனுக்குத் தெரியாது. தெரியாமலே போய்ச் சேர்ந்தான். அவன் மனம் நோகேல்லை. அந்த ஒரு புண்ணியமாவது எனக்குக் கிடைச்சுதே."

கோஷம் பம்பலப்பிட்டிப் பக்கம் தேய்ந்து போயிற்று. அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"ஓம் அப்பா" என்றேன்.